தொட்டிக்காரர் பதில்கள்: இந்த முறை உப்புத் தண்ணீர்

"நன்னீர் மீன் வளர்த்துக் கை பழகிவிட்டது, அடுத்து கடல் மீனும் பவளமும் வைக்கலாம் என்று இருக்கிறேன்" என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். பதில்களில் 'பொறுங்கள்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றடி தொட்டி வாங்கப் போகிறேன். காலையில் வந்து செட் பண்ணி, சாயங்காலமே கடல் மீன் விட்டுத் தருகிறேன் என்கிறார் கொளத்தூரில் ஒரு கடைக்காரர். கோல்டு ஃபிஷ் தொட்டியை அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒன்றும் ஆகவில்லை. இதிலும் அப்படிச் செய்யலாமா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

செய்யலாம். மூன்றாம் நாள் மீனை வலையில் அள்ளி வெளியே போடவும் தயாராக இருந்தால்.

கோல்டு ஃபிஷ் பிழைத்ததற்குக் காரணம் கடைக்காரரின் கைராசி இல்லை. எந்த மீனும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரின் பி.எச். 7 பக்கத்தில் இருந்தால் அந்த அம்மோனியாவில் பெரும்பங்கு அம்மோனியமாக, அதாவது மீனை அவ்வளவாகக் கொல்லாத வடிவத்தில் இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.1, 8.2 என்று நிற்பது. அங்கே அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு பத்து மடங்கு வரை கூடிவிடும். அதனால்தான் நன்னீரில் தப்பித்த அவசரம் இதில் தப்பிக்காது. மீன் மேல்மட்டத்துக்கு வந்து நிற்கும், செவுள் மூடி படபடவென்று அடிக்கும், போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குமேல் பெரிதாகச் செய்ய ஒன்றும் இருக்காது.

அந்த அம்மோனியாவைத் தின்ன ஒரு கூட்டம் பாக்டீரியாவும், அது விட்ட நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டமும் தொட்டியில் குடியேற வேண்டும். இதைத்தான் 'சைக்கிள்' ஆவது என்கிறோம். பாறையின் துளைகளிலும் மணலிலும் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம், ஆனால் ஒரே நாளில் ஆகாது. இந்த ஆறு வாரமும் தொட்டியில் மீன் வேண்டாம். அம்மோனியம் குளோரைடு கரைசல் வாங்கி, அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவுக்கு விடுங்கள். கிடைக்காவிட்டால் உரித்த இறால் ஒன்றைப் போட்டு அழுக விடுவது பழைய முறை. அதிலும் சைக்கிள் ஆகும், ஆனால் வீட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். டெஸ்ட் கிட் வைத்து இரண்டு நாளுக்கொரு முறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். ஒருநாள் 2 பி.பி.எம். விட்டு, மறுநாள் அதே நேரத்தில் பார்க்கும்போது இரண்டுமே பூஜ்யம் என்று காட்டினால் தொட்டி தயார். நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டெஸ்ட் கிட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். நல்ல அளவு. "முதல் தொட்டிதானே, சின்னதாக ஒன்றரை அடி போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய, உப்பும் சூடும் சட்டென்று மாறும். சின்னத் தொட்டி கை தேர்ந்தவர்களுக்கானது.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மரைன் சால்ட் கலந்தால் போதுமா, கேன் வாட்டர் வாங்க வேண்டுமா? என் மகன், பேசாமல் மெரினாவில் போய் நாலு கேன் கடல் தண்ணீர் பிடித்து வரலாம் என்கிறான்.
— இல்லத்தரசி, வேளச்சேரி

மகனை மெரினாவுக்குச் சுண்டல் வாங்க அனுப்புங்கள், தண்ணீர் பிடிக்க அனுப்ப வேண்டாம். மெரினாவின் ஒரு முனையில் கூவம் கடலில் கலக்கிறது, தெற்கே போனால் அடையாறு. கரையோரத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதோடு வங்கக் கடலில் உப்பு ஒரே நிலையில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் நம் கரையில் உப்பு நன்றாகவே இறங்கிவிடும்.

ஆர்.ஓ. விஷயத்துக்கு வருவோம். நம் வீட்டு ஆர்.ஓ. எல்லாம் குடிப்பதற்காகச் செய்தவை. சுவைக்காக அதில் 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' (டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் வேலை அதற்கு. சில மாடல்களில் மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. போர் தண்ணீர் 1000, 1200 டி.டி.எஸ். இருக்கிற வீட்டில், ஆர்.ஓ.விலிருந்து வருவதே 60, 80 என்று காட்டும். குடிக்க அருமையான தண்ணீர். தொட்டிக்கு அந்த 80-இல் என்ன இருக்கிறது என்பதுதான் தலைவலி: நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், பழைய குழாயிலிருந்து வரும் தாமிரம். கேன் வாட்டரிலும் இதே கதைதான், அதிலும் மினரல் சேர்க்கிறார்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தக் கன்ட்ரோலரை முழுக்க மூடச் சொல்லுங்கள் (குடிக்கிற தண்ணீரின் சுவை மாறும், மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது). அல்லது தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ. வையுங்கள். எப்படியானாலும், ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் இழுத்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய குழாய் ஒன்றை மாட்ட வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். ரெசின் தீர்ந்தால் 1, 2 என்று ஏற ஆரம்பிக்கும், அப்போது மாற்றுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கப் பிளாஸ்டிக் டிரம் போதும். செம்புக் குடமும் பித்தளை அண்டாவும் பூஜை அறையிலேயே இருக்கட்டும். நம் உடம்புக்கு நல்லது என்று சொல்கிற அதே தாமிரம், மிகச் சின்ன அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

உப்பு கலப்பது சுலபம். லிட்டருக்கு 36, 37 கிராம் என்று பிடியுங்கள், உங்கள் தொட்டியில் 160 லிட்டர் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 6 கிலோ. சமையல் உப்போ கல் உப்போ உதவாது. கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் எல்லாம் சேர்த்த மரைன் சால்ட்தான் வேண்டும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு பம்ப் போட்டு ஒரு நாள் சுழல விட்டு, மறுநாள் அளந்து பாருங்கள். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அல்லது அடர்த்தி 1.025, 1.026 என்று வர வேண்டும். இதற்கு மிதவை முள் வைத்த ஹைட்ரோமீட்டர் வாங்காதீர்கள், முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதோடு 35 பி.பி.டி. கரைசலும் வாங்கி, மாதம் ஒரு முறை சரிபாருங்கள்.

தினமும் தொட்டியில் தண்ணீர் ஒரு இஞ்ச் குறைகிறது, உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். இப்போது மீட்டர் 1.032 காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
— ஈரோடு வாசகர்

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். 1.032-ஐ ஒரே நாளில் இறக்க வேண்டாம், நாளுக்கு 0.001, 0.002 வீதம் இறக்குங்கள். தினமும் ஊற்ற நேரமில்லை என்றால், குறைந்த தண்ணீரைத் தானே ஊற்றும் ஆட்டோ டாப் அப் வாங்குங்கள், பணம் வீண் போகாத சாமான்களில் அதுவும் ஒன்று.

தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இல்லாமல் முடியாதா? ஃபேன் வைத்தால் போதும் என்கிறார்கள். சில்லர் விலையைக் கேட்டதும் ஆசையே போய்விட்டது.
— அம்பத்தூர், கோயம்புத்தூர், மதுரை வாசகர்கள்

மூன்று ஊருக்கும் மூன்று பதில்.

தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபேன் தண்ணீரின் மேல் வீசினால் ஆவியாதல் கூடி, இரண்டு மூன்று டிகிரி குறையும். காற்று உலர்ந்திருந்தால்தான் இது நடக்கும். கோயம்புத்தூரில் வருடத்தில் பெரும்பகுதி ஃபேனிலேயே ஓட்டிவிடலாம், ஏப்ரல் மே மட்டும் கவனம். மதுரையில் காற்று உலர்ந்ததுதான், ஆனால் அறையே 35 டிகிரி என்றால் ஃபேன் எவ்வளவுதான் இறக்கும். அம்பத்தூரில் வெயிலோடு புழுக்கமும் சேரும், ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாகாது, ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், தெர்மாமீட்டர் 31-இலேயே நிற்கும். சென்னையில் 24 மணி நேரமும் ஏ.சி. ஓடாத வீடென்றால் சில்லர் வேண்டும். 190 லிட்டருக்கு கால் ஹெச்.பி. எடுங்கள். அதைவிடச் சின்னது மே மாதம் ஓய்வே இல்லாமல் ஓடி, சீக்கிரம் கையை விரித்துவிடும். சில்லரைத் தொட்டி ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது வெளியேதான் தள்ளுகிறது, அடைத்து வைத்தால் அதே சூட்டை மறுபடி உறிஞ்சிக்கொண்டு கிடக்கும்.

"கடலில் யார் சில்லர் வைத்தார்கள்" என்று ஒரு வாசகர் மடக்கியிருக்கிறார். நியாயமான கேள்வி. பவளம் என்பது குட்டிக் குட்டி உயிர்களின் கூட்டம், அவற்றின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது, பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தப் பாசி வெயிலில் சமைத்துத் தருவது. தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010 கோடையிலும் 2016 கோடையிலும் அதுதான் நடந்தது. கடலே தாங்காத சூட்டை 190 லிட்டர் எப்படித் தாங்கும்?

எங்கள் ஊரில் கரை ஒதுங்கும் பவளக் கற்களைப் பொறுக்கித் தொட்டியில் போடலாமா? தெரிந்த அண்ணன் ஒருவர் வலையில் சில சமயம் கடல் குதிரை உயிரோடு வருகிறது, தருகிறேன் என்கிறார். உயிருள்ள பவளமும் ஏற்பாடு செய்யலாமாம்.
— கல்லூரி மாணவர், தூத்துக்குடி

தம்பி, மூன்றுமே வேண்டாம். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள், அவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலி இருக்கிற அட்டவணை அது. 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 7 ஆண்டு வரை போகலாம். உயிரோடு இருந்தால்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள், செத்த பவளத்தை எடுப்பதும் விற்பதும்கூடக் குற்றம்தான். கடல் குதிரையும் அதே சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். அதை விடுங்கள், வலையில் அடிபட்டு வந்த கடல் குதிரை பெரும்பாலும் உயிரற்ற தீனியைத் தொடவே தொடாது, தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

சட்டம் இப்படி இருப்பதன் காரணம் உங்கள் ஊர்க் கடலிலேயே இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டியதற்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். வீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டியை அலங்கரிக்க அங்கிருந்து இன்னும் ஒரு கல் எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை, சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

"அப்போ கடையில் விற்கிறார்களே" என்பீர்கள். விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்பார்கள். கல் பவளங்கள், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் இருப்பவை, எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். 2022-இல் நம் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் விதிகளை அதற்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே இறக்குமதிக் காகிதத்தைக் கேளுங்கள். "அதெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் சார்" என்று பதில் வந்தால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். காகிதம் காட்டினாலும், வாங்குவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதனால் தொட்டி வெறுமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இப்போது துளைத் துளையாகச் செய்த செயற்கைப் பாறை நன்றாகவே கிடைக்கிறது. ஆறேழு மாதம் போனால் அதன்மேல் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து, செயற்கை என்று சொன்னால்தான் தெரியும். மீன், க்ளீனர் இறால், கோலர்ப்பா மாதிரி கடல்பாசி இவற்றை வைத்தே முதல் வருடத்தை ஓட்டுங்கள். பாசியைப் பூங்கா எல்லைக்குள் போய்ப் பிடுங்காமல், ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள், அவர்களே வாரம் ஒரு முறை வெட்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சிங்கப்பூரில் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கிறேன். பொங்கலுக்குச் சென்னை வரும்போது தம்பிக்கு நாலு துண்டு வெட்டி, டப்பாவில் போட்டுப் பெட்டியில் கொண்டு வரலாமா? நாலு மணி நேரப் பயணம்தானே.
— சிங்கப்பூர் வாசகர்

பவளம் நாலு மணி நேரம் தாங்கும். நீங்கள் சுங்கத்தில் மாட்டினால் பொங்கல் போய்விடும். அங்கே காசு கொடுத்து முறைப்படி வாங்கியதாகவே இருந்தாலும், அங்கிருந்து வெளியே எடுக்க ஓர் அனுமதி, இங்கே உள்ளே கொண்டுவர ஓர் அனுமதி வேண்டும். தம்பிக்கு நல்ல ரிஃப்ராக்டோமீட்டர், டெஸ்ட் கிட், மரைன் சால்ட் வாங்கி வாருங்கள், வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொட்டியில் பவளத்தின் உறவான ஸோவாந்திட் இருந்தால் வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கும். அது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள், அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

கடையில் பட்டியல் கொடுத்தார்கள்: க்ளவுன் ஒரு ஜோடி, ப்ளூ டேங், மாண்டரின், க்ளீனர் ராஸ், ஒரு லயன் ஃபிஷ். 190 லிட்டருக்குப் போதுமா, இன்னும் சேர்க்கலாமா?
— திருச்சி வாசகர்

பட்டியலில் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். ப்ளூ டேங் ஓர் அடி வரை வளரும், நீந்த ஓட்டம் வேண்டிய மீன், மூன்றடியில் அதற்குத் திரும்பக்கூட இடமில்லை. மாண்டரின் பாறையில் ஊரும் நுண் ஓட்டுயிர்களை மட்டும் நாள் முழுக்கக் கொத்தித் தின்னும், புதுத் தொட்டியில் அவை இருக்காது, அழகாகவே மெலிந்து சாகும். க்ளீனர் ராஸ் மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்தே வயிறு வளர்ப்பது, உங்களிடம் உள்ள நாலு மீனில் அதற்கு என்ன கிடைக்கும்? லயன் ஃபிஷ் க்ளவுனை விழுங்கும், முள்ளில் விஷம் வேறு.

க்ளவுனையும் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊரிலேயே, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் பல வருடமாகக் க்ளவுன் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். பொரிப்பக மீன் பெல்லட் தின்னப் பழகியிருக்கும், நோயும் குறைவு. கடலில் பிடித்தது என்றால் எப்படிப் பிடித்தார்கள், எத்தனை நாள் பையில் கிடந்தது, ஒன்றும் தெரியாது. ஆசெல்லாரிஸ் வகை நாலு இஞ்சுக்குமேல் போகாது, சேபே கொஞ்சம் பெரிதாகும், முரடு வேறு.

ஜோடி என்று கடைக்காரர் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. க்ளவுன் எல்லாம் முதலில் ஆண்தான். ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இரண்டு வாங்கி விடுங்கள், பெரியது பெண்ணாக மாறும். ஆரம்பத்தில் பெரியது துரத்தும். சின்னது அதன் முன்னால் வந்து ஒருபக்கமாகச் சாய்ந்து, உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் நடுங்கிக் காட்டும். பார்ப்பவருக்கு வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறும். "நீதான் பெரியவள், ஒத்துக்கொள்கிறேன்" என்பதுதான் அந்த நடுக்கம். அதைப் பார்த்துவிட்டால் இனி சண்டை இருக்காது. அவற்றுக்கு அனிமோன் (கடலில் க்ளவுன் குடியிருக்கும், கொட்டும் கைகள் கொண்ட உயிர்) கட்டாயமில்லை. அனிமோனுக்கு ஒரு வருடமாவது பழுத்த தொட்டி வேண்டும், அதற்கு முன்னால் வைத்தால் அது ஊர்ந்துபோய், தண்ணீரை ஓட வைக்கும் வேவ் மேக்கரில் அரைபட்டு மொத்தத் தொட்டியையும் கெடுக்கும்.

க்ளவுன் இரண்டு, ஒரு மாதம் கழித்து ஃபயர் ஃபிஷ் ஒன்று, அப்புறம் ஒரு கோபி. அவ்வளவுதான் 190 லிட்டர். ஃபயர் ஃபிஷ் எகிறிக் குதிக்கும், மேலே வலை போடுங்கள்.

பெட்டிக்கடை அளவுக்குச் சாமான் பட்டியல் இருக்கிறது. எது அவசியம், எது தள்ளிப்போடலாம்?
— சேலம் வாசகர்

பாறை, மணல், வேவ் மேக்கர் இரண்டு, ரிஃப்ராக்டோமீட்டர், டெஸ்ட் கிட், உப்பு, நல்ல தண்ணீர், சூட்டைச் சமாளிக்க ஒரு வழி. இவை கட்டாயம். ஒரு மணி நேரத்துக்குத் தொட்டித் தண்ணீர் முழுவதும் பத்து முதல் இருபது முறை சுழல்கிற அளவுக்கு ஓட்டம் வேண்டும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இருந்தால் நல்லது, மீன் குறைவாக இருக்கும்வரை வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றியே சமாளிக்கலாம். யு.வி., ரியாக்டர், டோசிங் பம்ப் எல்லாம் இப்போது வேண்டாம். விலை உயர்ந்த லைட்டும் வேண்டாம், பவளம் இல்லாத தொட்டிக்கு அது பாசி வளர்க்கத்தான் உதவும்.

அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். தளம் இடிந்துவிடும், ஷாக் அடிக்கும், கரண்ட் பில் எகிறும், கரண்ட் போனால் மீன் செத்துவிடும் என்று நாலு காரணம் சொல்கிறார். அவருக்குக் காட்ட ஒரு பதில் வேண்டும்.
— பிளஸ் டூ மாணவி, மதுரை

அப்பா கேட்டது நாலுமே சரியான கேள்விதான் அம்மா, இதைப் படிக்கும் பாதிப் பேர் கேட்க மறந்தது.

எடை: தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 300 கிலோ. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிட்டுக் கட்டுவது வழக்கம், அது அறை முழுவதற்குமான கணக்கு. அறை நடுவில் வைக்காமல், பீம் ஓடுகிற சுவரை ஒட்டி நீளவாக்கில் வைத்தால் மூன்றடித் தொட்டிக்குப் பொதுவாகப் பயமில்லை. நாலடிக்கு மேல் போனாலோ, பழைய வீடென்றாலோ, மாடியென்றாலோ பொறியாளரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

ஷாக்: இதுதான் உண்மையான பயம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். அதைவிட மோசம், உப்பு நகரும். குமிழி வெடித்துத் தெறிக்கும் துளி காய்ந்து வெள்ளைப் பொருக்காகும், அந்தப் பொருக்கு ஈரத்தை இழுத்து ஒயரைப் பிடித்துக்கொண்டே மெல்ல இறங்கி, ஆறு மாதத்தில் ப்ளக்கின் பித்தளைக் காலில் பச்சையாகப் பூத்து நிற்கும். ஸ்பைக் பஸ்டரைத் தரையிலோ தொட்டிக்கு அடியிலோ வைக்கவே கூடாது. சுவரில் உயர்த்தி, தொட்டிக்கு ஒரு பக்கமாக மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் ப்ளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், வழிந்து வரும் சொட்டு அந்தத் தொங்கலிலேயே விழுந்துவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து அந்த லைனில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். அது இல்லாவிட்டால் தொட்டியே வேண்டாம் என்று அப்பா சொன்னால் நான் அப்பா பக்கம். தொட்டிக்குள் கை விடுமுன் ஸ்விட்சை அணைப்பதும் பழக்கமாக வேண்டும்.

பில்: எல்லாம் சேர்த்துச் சராசரி 200 வாட் ஓடுகிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 4.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 288. ஏற்கெனவே 300 யூனிட் எடுக்கிற வீடென்றால் 500-ஐத் தாண்டும், தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். கார்டை எடுத்துப் போன வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இங்கே சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கரண்ட் போவது: கடல்நீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சூடு ஏறினால் இன்னும் குறையும். தண்ணீர் ஓடாமல் நின்றால் சில மணி நேரத்தில் மூச்சு முட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரே ஒரு வேவ் மேக்கரை மட்டும் இணையுங்கள், 10, 15 வாட்தான், இரவு முழுக்கத் தாங்கும். சில்லரையும் லைட்டையும் அதில் மாட்ட வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தொட்டி வைத்த அறையில் கொசு லிக்விட், சாம்பிராணி?
— தஞ்சாவூர் வாசகி

கொசு லிக்விட், ஸ்ப்ரே, கொசுவத்தி மூன்றும் கூடாது, அவற்றில் உள்ள மருந்து மீனுக்கும் இறாலுக்கும் விஷம், ஏர் பம்ப் அதை நேராகத் தண்ணீருக்குள் இறக்கும். கொசு வலை கட்டிக்கொள்ளுங்கள். சாம்பிராணியை அடுத்த அறையில் போடுங்கள்.

இரண்டு மாதமாகிறது. சைக்கிள் முடிந்து மீனும் விட்டாயிற்று. இப்போது மணலும் பாறையும் பழுப்பாகத் தூள் பூத்தது போல் ஆகிவிட்டன. தினமும் துடைக்கிறேன், மறுநாள் மறுபடி வருகிறது. மருந்து ஏதும் உண்டா?
— புதுச்சேரி வாசகர்

மருந்து வேண்டாம். அது டயாட்டம் என்ற நுண்பாசி, சிலிகேட்டைத் தின்று வளர்வது. புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், சிலிகேட் தீர்ந்ததும் தானாகப் போகும். டி.ஐ. ரெசின் தீர்ந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். அடுத்து பச்சை முடிப்பாசி வரும், அதையும் கையால் பிடுங்கிப் பிடுங்கி எடுங்கள், லைட்டை 7, 8 மணி நேரத்துக்குமேல் எரிய விடாதீர்கள், தீனியைப் பாதியாக்குங்கள். சிவப்பாகக் கொழகொழவென்று பாய் விரித்தது போல் வந்தால் அது சயனோபாக்டீரியா, அந்த மூலையில் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம், வேவ் மேக்கரைத் திருப்பி வையுங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்குகிறேன் என்று ரசாயனத்தைக் கொட்டினால் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) என்று இன்னொரு தொல்லை வரும், அதைவிட இந்தப் பழுப்பே மேல். நாலைந்து மாதம் இப்படித்தான் அசிங்கமாக இருக்கும். விருந்தாளிகளிடம் காட்டாதீர்கள்.

க்ளவுன் மேல் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். கடையில் ஒரு காப்பர் மருந்து கொடுத்தார்கள். தொட்டியிலேயே ஊற்றிவிடலாமா? இறால் இரண்டு இருக்கிறது. அவசரம்.
— நாகர்கோவில் வாசகர்

ஊற்ற வேண்டாம். இறால் இரண்டும் அன்றைக்கே போய்விடும், பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னாலும் தொல்லை தரும்.

அது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. புள்ளி இரண்டு மூன்று நாளில் மறையும், குணமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் அது உதிர்ந்து, பாறையிலும் மணலிலும் முட்டைபோல் ஒட்டி, பெருகித் திரும்ப வரும். மீன்களை எல்லாம் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், பாறையும் மணலும் இல்லாமல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு ஒளிந்துகொள்ளப் போதும். காப்பர் மருந்தை அங்கே, பாட்டிலில் சொன்ன அளவில், காப்பர் டெஸ்ட் கிட் வைத்து அளந்துகொண்டே விடுங்கள், 30 நாள் அளவு குறையாமல் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் பாக்டீரியா இருக்காது என்பதால் அம்மோனியாவையும் தினம் பாருங்கள். பெரிய தொட்டியை இறாலோடு மட்டும், மீன் இல்லாமல் 76 நாள் விடுங்கள், அனுபவஸ்தர்கள் பிடிக்கும் கணக்கு அது. அதற்கப்புறம் மீனைத் திரும்ப விடலாம். இனி எந்தப் புது மீன் வந்தாலும் முதல் ஒரு மாதம் அந்தத் தனித் தொட்டியில்தான் இருக்க வேண்டும். அதனால் அதைக் கழற்றி வைக்க வேண்டாம்.